தரவரிசை நானூறு சொச்சம்: ஃபியூச்சர்ஸ் மைதானங்களில் நான் கற்றுக்கொண்டவை

நான் டென்னிஸைத் தொழிலாக ஆடியவன். ஆண்கள் தொழில்முறை டென்னிஸை நடத்தும் ஏடிபி அமைப்பின் ஒற்றையர் தரவரிசையில் என் உச்சம் நானூறு சொச்சம், அதனால் என்னை நீங்கள் டிவியில் பார்த்திருக்க வாய்ப்பே இல்லை. ஆட்டத்தை நிறுத்திவிட்டு இப்போது பயிற்சியாளராக இருக்கிறேன். மாதத்துக்கு ஒரு பெற்றோராவது வந்து, "பையன் நல்லா ஆடறான் சார், புரோ ஆகலாமா?" என்று கேட்கிறார்கள். அவனுடைய செர்வைப் பற்றியோ பேக்ஹேண்டைப் பற்றியோ நான் ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்க்கிறார்கள். நான் காலண்டரைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் முகம் மாறிவிடும். ஆனால் அந்தக் கீழ்நிலைப் போட்டிகளில் சுற்றியவர்கள் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள்: ஐநூறாவது இடத்தில் இருப்பவனும் முந்நூறாவது இடத்தில் இருப்பவனும் பந்தை அடிப்பதில் பெரிய வித்தியாசம் கிடையாது. எந்த வாரம் எங்கே ஆடுவது, எப்போது வீட்டில் இருப்பது, எதற்குச் செலவழிப்பது என்று முடிவெடுப்பதில்தான் நிறைய வித்தியாசம்.

முதலில் ஏணி எப்படி இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். கிராண்ட்ஸ்லாம் ஒற்றையரில் 128 இடம், அதில் 104 பேர் தரவரிசையால் நேராக உள்ளே போகிறார்கள், 16 பேர் தகுதிச்சுற்று ஆடி வருகிறார்கள், 8 பேருக்கு வைல்ட் கார்டு, அதாவது போட்டி நடத்துபவர்கள் தரும் சிறப்பு அனுமதி. அதற்குக் கீழே ஏடிபி டூர், அதற்கும் கீழே சேலஞ்சர். எல்லாவற்றுக்கும் அடியில் சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பான ஐடிஎஃப் நடத்தும் போட்டிகள். என் காலத்தில் அதற்கு ஃபியூச்சர்ஸ் என்று பெயர், இப்போது வேறு பெயர் வைத்துவிட்டார்கள், நாங்கள் இன்னும் ஃபியூச்சர்ஸ் என்றுதான் சொல்கிறோம். அதிலும் தகுதிச்சுற்று உண்டு. அதில் இரண்டு மூன்று ஆட்டம் ஜெயித்து, 32 பேர் கொண்ட மெயின் டிராவுக்குள், அதாவது பிரதான சுற்றுக்குள், நுழைந்து, அங்கே முதல் சுற்றையும் ஜெயித்தால் கிடைப்பது ஒரே ஒரு ஏடிபி புள்ளி. தகுதிச்சுற்றில் தோற்றால் பரிசுப்பணம் கிடையாது.

தகுதிச்சுற்றில் நாற்காலி நடுவரும் கிடையாது. உங்கள் பக்கத்துக் கோட்டை நீங்கள் பார்த்துச் சொல்ல வேண்டும், எதிராளி பக்கத்தை எதிராளி சொல்வான். பல மைதானங்களுக்குப் பொதுவாக ஒரு நடுவர் சுற்றிக்கொண்டிருப்பார், அவ்வளவுதான். களிமண் தரையில் இது தனி வித்தை. ஒரு ஆட்டத்தில் மூன்றாவது செட், என் ஃபோர்ஹேண்ட் எதிராளி பக்கத்து மூலையில் விழுந்தது, எனக்கு நன்றாகத் தெரிந்தது உள்ளேதான் என்று. எதிராளி 'அவுட்' என்று விரலைத் தூக்கிவிட்டு, கோட்டுக்கு வெளியே இருந்த ஒரு தடத்தை வட்டம் போட்டுக் காட்டினான். நான் வலையைத் தாண்டிப் போய்ப் பார்த்தால் அந்தத் தடத்தின் ஓரம் காய்ந்து உதிர்ந்திருந்தது, முந்தைய கேமில் விழுந்த ஏதோ ஒரு பந்து. புதுத் தடத்தில் மண் வழுவழுவென்று அழுந்தி, பந்து போன திசையில் லேசாக நீண்டிருக்கும். என் தடம் இரண்டு கை அகலம் தள்ளிக் கோட்டைத் தொட்டுக்கொண்டு கிடந்தது. அவனிடம் ஒரு வார்த்தை பேசாமல் அதன் பக்கத்திலேயே நின்றுகொண்டு நடுவரைக் கூப்பிட்டேன். சத்தம் போட்டு வாதாடிக்கொண்டிருந்தால் அந்த நேரத்தில் அவன் காலால் தேய்த்துவிட்டுப் போயிருப்பான். இன்று என் மாணவர்களுக்குச் சொல்லித்தருகிறேன்: தடத்தை விட்டு நகராதே, வாயை மூடு, கையைத் தூக்கு.

சரி, பணம். 15,000 டாலர் போட்டி என்று கேட்டால் பெரிதாகத் தெரியும். அது எல்லாருக்கும் சேர்த்த மொத்தத் தொகை. அப்போதைய பட்டியலில் ஒற்றையர் பட்டம் வென்றவருக்கு 2,160 டாலர், முதல் சுற்றில் தோற்றவருக்கு 156 டாலர். சில நாடுகளில் வரியைப் பிடித்துக்கொண்டுதான் கையில் தருவார்கள். விமான டிக்கெட், தங்குமிடம், சாப்பாடு, ராக்கெட்டுக்கு ஸ்ட்ரிங், விசா எல்லாம் உங்கள் பாடு. 2013-ஆம் ஆண்டுக் கணக்குகளை வைத்து ஐடிஎஃப் ஒரு ஆய்வு செய்து மறுவருடம் வெளியிட்டது. அந்த வருடம் ஏறக்குறைய 14,000 பேர் தொழில்முறைப் போட்டிகளில் ஆடியிருக்கிறார்கள், அதில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் ஒரு டாலர்கூடப் பரிசு வாங்கவில்லை. செலவும் வரவும் சரிக்குச் சரியாகும் இடம் ஆண்களுக்கு 336-ஆவது இடம், பெண்களுக்கு 253-ஆவது இடம். இதில் பயிற்சியாளருக்குக் கொடுக்கும் பணம் சேரவில்லை என்பதைக் கவனியுங்கள். என் உச்சமே அந்தக் கோட்டுக்குக் கீழேதான். உலகத்தில் ஐநூறு பேருக்குள் ஒருவனாக இருந்தும் என் அப்பாவின் கணக்குப் புத்தகத்தில் நான் ஒரு செலவு.

மேலே என்ன நிலைமை என்பதற்கு நம் நாட்டு வீரர் பிரஜ்னேஷ் குணேஸ்வரனைச் சொல்லலாம். 2019-இல் அவர் நான்கு கிராண்ட்ஸ்லாம்களிலும் மெயின் டிராவில் ஆடினார், நான்கிலும் முதல் சுற்றில் தோற்றார். கேட்பதற்குப் பரிதாபமாக இருக்கும். ஆனால் அந்த வருடம் விம்பிள்டனில் முதல் சுற்றில் தோற்றவருக்கு 45,000 பவுண்டு. ஃபியூச்சர்ஸில் அதைச் சம்பாதிக்க இருபத்தைந்து பட்டத்துக்கு மேல் வெல்ல வேண்டும், ஒரு வருடத்தில் அத்தனை பட்டம் யாரும் வெல்வதில்லை. நூறுக்குள் நுழைவது என்றால் வேறு தொழிலுக்கு மாறுவது மாதிரிதான். 2024 முதல் ஏடிபி ஒரு திட்டம் கொண்டுவந்து, முதல் நூறு பேருக்கு வருடத்துக்கு 3,00,000 டாலர் உறுதி என்று சொல்லியிருக்கிறது, 250-ஆவது இடம் வரை குறைந்த தொகைகளும் உண்டு. நல்ல விஷயம். அதற்குக் கீழே இருப்பவர்களுக்குப் பழைய கதைதான்.

இப்போது காலண்டருக்கு வருகிறேன், இதில்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

ஏடிபி புள்ளிகள் 52 வாரம்தான் இருக்கும். இந்த வாரம் ஒரு ஃபியூச்சர்ஸ் வென்று 18 புள்ளி வாங்கினால் (என் காலத்துக் கணக்கு, இப்போது மாறிவிட்டது) அடுத்த வருடம் இதே வாரம் அது கழன்றுவிடும். இது எல்லாருக்கும் தெரியும், ஆனால் மனதுக்குள் இது என்ன செய்கிறது என்பது ஆடியவர்களுக்குத்தான் தெரியும். போன வருடம் ஜெயித்த ஊருக்கே இந்த வருடமும் போகத் தோன்றும், "புள்ளியைக் காப்பாற்ற வேண்டும்" என்று. புள்ளிக்கு ஊர் தெரியாது. இந்த வருடம் அதே வாரத்தில் வேறு இடத்தில் டிரா பலவீனமாக இருந்தால், அதாவது ஆட வருகிறவர்கள் அவ்வளவு பலமில்லாதவர்களாக இருந்தால், அங்கே போவதுதான் புத்தி. ஆனாலும் வருடா வருடம் ஒரே ஊருக்குப் போய், ராசியான மைதானம் என்று சொல்லிக்கொண்டு, இரண்டாம் சுற்றில் தோற்றுத் திரும்பியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

டிரா எப்போது பலவீனமாகும்? கிராண்ட்ஸ்லாம் தகுதிச்சுற்று நடக்கும் வாரத்தில் இருநூறுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் எல்லாம் அங்கே போய்விடுவார்கள். அவர்கள் விட்டுப்போன சேலஞ்சர் இடங்களுக்கு முந்நூறில் இருப்பவர்கள் ஏறிவிடுவார்கள், ஃபியூச்சர்ஸ் கொஞ்சம் காலியாகும். ஒரே வாரத்தில் நாலைந்து சேலஞ்சர் சேர்ந்து வந்தாலும் அப்படித்தான். வருடக் கடைசியில் பாதிப்பேர் ஓய்வுக்குப் போயிருப்பார்கள். பெயர் கொடுக்கும் கெடு போட்டிக்கு இரண்டரை வாரம் முன்பே முடிந்துவிடும், அதற்குப் பிறகு விலகுவதற்கு ஒரு கெடு, அதையும் தாண்டி விலகினால் அபராதம். ஒரே வாரத்துக்குப் பல போட்டிகளில் பெயர் கொடுத்து முன்னுரிமை வரிசை போடலாம். பட்டியல் வந்ததும் உட்கார்ந்து படிக்க வேண்டும்: யார் யார் இருக்கிறார்கள், இவர்களில் யார் விலகுவார்கள், நான் நேராக உள்ளேயா அல்லது மாற்று ஆட்டக்காரர் பட்டியலில் தொங்கிக்கொண்டிருக்கிறேனா. வியாழக்கிழமை இரவுகளில் இந்த வேலைக்கு நான் செலவிட்ட நேரத்தைப் பார்த்து என் பயிற்சிக் கூட்டாளி சிரிப்பான். அவனுக்கு என்னைவிட நல்ல செர்வ், ஆனால் எப்போது பார்த்தாலும் வாரத்தின் மிகக் கடினமான டிராவில் போய் மாட்டியிருப்பான்.

அப்புறம், தனித்தனி ஊராகத் தேடிப் போகாதீர்கள். துனிசியாவில் மொனாஸ்டிர், துருக்கியில் அந்தாலியா, எகிப்தில் ஷார்ம் எல் ஷேக் போன்ற இடங்களில் ஒரே ரிசார்ட்டில் வாரக்கணக்கில் தொடர்ந்து போட்டி நடக்கும். ஒரே டிக்கெட், ஒரே அறை, மூன்று நான்கு வாரம். முதல் வாரம் தோற்றாலும் பெட்டி கட்ட வேண்டியதில்லை, அடுத்த திங்கள் வரை அதே தரையில், அதே பந்தில் பயிற்சி. அலுத்துப்போகும், உண்மைதான். நான்காவது வாரம் எல்லாரும் எல்லாரையும் அடித்து முடித்திருப்பார்கள், யார் ஊருக்குப் போக ஏங்குகிறார்கள் என்பது வார்ம்-அப்பிலேயே தெரியும். அந்த ஏக்கம் எனக்கே வருவதற்குள் கிளம்பிவிடுவது என்று வைத்திருந்தேன், அதனால் மூன்று வாரம்தான் என் கணக்கு.

விதிகளும் காலடியிலேயே மாறும். 2019 ஜனவரியில் தரவரிசையையே இரண்டாகப் பிரித்தார்கள், 15,000 டாலர் போட்டிகளுக்கு ஏடிபி புள்ளி கிடையாது என்றார்கள், தகுதிச்சுற்று டிராக்களையும் சுருக்கினார்கள். எதிர்ப்பு பலமாகக் கிளம்பி, அதே வருடம் ஆகஸ்டில் புள்ளிகளைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். ஆகவே விதிப்புத்தகத்தை வருடத் தொடக்கத்தில் ஒருமுறை நீங்களே படித்துவிடுங்கள், லாக்கர் அறையில் கேட்பதை நம்பாதீர்கள்.

ஸ்ட்ரிங் விஷயம் சின்னதாகத் தெரியும், வருடக் கணக்கில் பெரிய தொகை. பாலியெஸ்டர் ஸ்ட்ரிங் அறுவதற்கு முன்பே செத்துப்போகும், அதாவது இழுவை இறங்கிவிடும், பந்து நினைத்ததைவிட நீளமாகப் பறக்கும். போட்டியில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் புதிதாகப் போட வேண்டும். தனித்தனி பாக்கெட்டாக வாங்கினால் கட்டுப்படியாகாது. 200 மீட்டர் ரீல் வாங்கினால், ஒரு ராக்கெட்டுக்கு 12 மீட்டர் வீதம் பதினாறு முறை போடலாம். கையோடு தூக்கிப்போகும் சிறிய மெஷின் ஒன்றை நானும் இன்னொருவனும் பங்கு போட்டு வாங்கினோம், அறைக்குள் மேஜையில் வைத்து இரவு ஆளுக்கு இரண்டு ராக்கெட். போட்டி நடக்கும் இடத்தில் ஸ்ட்ரிங் போடக் கேட்கும் கூலி மிச்சமானது, நாளடைவில் மற்றவர்களும் எங்களிடம் கொண்டுவந்தார்கள். ஜெர்மனியின் டஸ்டின் பிரவுன் இதை ஒரு பிழைப்பாகவே செய்தவர். பெற்றோர் வாங்கித்தந்த கேம்ப்பர் வேனில் ஐரோப்பா முழுக்கப் போட்டி போட்டியாகச் சுற்றி, அதிலேயே தூங்கி, மற்ற வீரர்களின் ராக்கெட்டுகளுக்கு ஸ்ட்ரிங் போட்டுக் காசு பார்த்தார். 2015-இல் அதே ஆள் விம்பிள்டனில் நடாலைத் தோற்கடித்தார். வேன் வைத்திருந்த எல்லாரும் நடாலை அடித்துவிடவில்லை, அது வேறு விஷயம்.

இரட்டையரை அலட்சியம் செய்யாதீர்கள். நான் ஆரம்பத்திலிருந்தே விடாமல் ஆடினேன், தங்கும் செலவில் பாதியாவது அதிலிருந்து வரும். ஒற்றையரில் முதல் சுற்றிலேயே தோற்றாலும் அந்த வாரத்தில் ஆட்டம் மிச்சமிருக்கும். தெரியாத ஆளுடன் பெயர் கொடுக்கும்போது இருவரின் தரவரிசையையும் கூட்டித்தான் இடம் கிடைக்கும், அதனால் வெட்கப்படாமல் முன்கூட்டியே செய்தி அனுப்பிக் கேட்டுவிட வேண்டும். இன்னொரு வருமானம் கிளப் லீக். கோடையில் ஜெர்மனியில் பல அடுக்குகளாக அணிப் போட்டி நடக்கும், களிமண் தரையில், ஒரு கிளப்புக்காக ஆடினால் ஆட்டத்துக்கு இவ்வளவு என்று பேசிக்கொள்ளலாம். என்னை மாதிரி தரவரிசையில் இருந்த பலருக்கு வருடச் செலவின் பெரும்பகுதி அங்கிருந்துதான் வந்தது. புள்ளி கிடைக்காத வாரங்கள்தான், ஆனால் மீதி வருடத்தை நடத்துவதே அந்தப் பணம்தான்.

உடம்பு. என் பிரச்சினை முதுகுத்தண்டின் அடிப்பகுதியில் வந்த விரிசல், செர்வ் போடும்போது பின்னால் வளைந்து முறுக்குவதால் இளம் ஆட்டக்காரர்களுக்கு அடிக்கடி வருவது. ஆரம்பத்தில் தசைப்பிடிப்பு மாதிரிதான் இருக்கும். ஒரு பக்கமாக, பின்னால் சாயும்போது மட்டும் குத்தினால், மாத்திரை போட்டுச் சமாளிக்காமல் ஸ்கேன் எடுத்துப் பார்ப்பது நல்லது. ஓய்வு மாதக்கணக்கில் போகும். அப்போது தெரிந்துவைத்திருக்க வேண்டியது பாதுகாக்கப்பட்ட தரவரிசை. ஆறு மாதமாவது ஆடாமல் இருந்தால், காயம்பட்ட முதல் மூன்று மாதத்துத் தரவரிசையின் சராசரியை வைத்துத் திரும்பி வரும்போது போட்டிகளில் நுழையலாம். தானாகக் கிடைக்காது, கடைசியாக ஆடிய போட்டியிலிருந்து ஆறு மாதத்துக்குள் எழுத்தில் விண்ணப்பிக்க வேண்டும். நுழைவதற்கு மட்டும்தான் அது, சீடிங்குக்கு, அதாவது பலமானவர்கள் ஆரம்பச் சுற்றில் மோதாமல் பிரித்து வைப்பதற்கு, செல்லாது. எண்ணிக்கையிலும் காலத்திலும் வரம்பு உண்டு, எனவே கண்ட போட்டியில் செலவழித்துவிடக் கூடாது. மேலே சொன்ன பிரஜ்னேஷும் முழங்கால் காயங்களால் இருபதுகளில் பல வருடங்களை இழந்தவர்தான். 75-ஆவது இடத்தைத் தொட்டபோது அவருக்கு 29 வயது.

சூதாட்டக்காரர்களைப் பற்றி யாரும் பையன்களிடம் முன்கூட்டியே சொல்வதில்லை. பார்வையாளர் பத்துப் பேர்கூட இல்லாத மைதானத்தில் நீங்கள் ஆடும் ஆட்டத்தின் ஸ்கோர், நடுவரின் கையில் இருக்கும் கருவியிலிருந்து உடனுக்குடன் உலகம் முழுக்கப் போகிறது, அதன்மேல் யாரோ பணம் கட்டுகிறார்கள். இரண்டாம் செட்டைக் கோட்டைவிட்டுத் தோற்றால், மைதானத்தை விட்டு வெளியே வருவதற்குள் போனில் வசைகள் வந்து விழும், அம்மாவையும் இழுப்பார்கள். போட்டி நாட்களில் செய்திப் பெட்டியைத் திறப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். 2024-இலிருந்து இப்படி வரும் மிரட்டல்களைக் கண்காணிக்க த்ரெட் மேட்ரிக்ஸ் என்ற சேவை வந்திருக்கிறது. அதைவிட ஆபத்தானவர்கள் நைச்சியமாகப் பேசுகிறவர்கள். "ஸ்பான்சர் செய்கிறேன்" என்று ஆரம்பித்து, ஒரு செட்டை விட்டுக்கொடுத்தால் இவ்வளவு என்பான். அந்தத் தொகை ஒரு பட்டத்தின் பரிசைவிட அதிகமாக இருக்கும், அதுதான் தூண்டில். மறுத்துவிட்டால் போதும் என்று நினைக்க வேண்டாம். அப்படி ஒருவர் அணுகினார் என்பதை டென்னிஸில் சூது, ஊழலைக் கண்காணிக்கும் ஐடிஐஏ அமைப்புக்குத் தெரிவிக்காமல் இருப்பதே விதிமீறல். எனக்கு வந்தபோது அன்று இரவே ஸ்கிரீன்ஷாட்டோடு அனுப்பிவிட்டுத்தான் தூங்கினேன்.

பதினெட்டு வயதில் நேராக டூருக்கா, அமெரிக்கக் கல்லூரிக்கா என்ற கேள்விக்கு என் பதில் கல்லூரி, அதிகம் யோசிக்கவே தேவையில்லை. நம் சோம்தேவ் தேவ்வர்மன் வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்கு ஆடி 2007, 2008 இரண்டு வருடமும் அமெரிக்கக் கல்லூரிகளுக்கான என்சிஏஏ பட்டம் வென்று, பிறகு தரவரிசையில் 62 வரை போனார். ஜான் இஸ்னர், கெவின் ஆண்டர்சன், கேமரன் நோரி எல்லாரும் கல்லூரி வழியாக வந்தவர்கள். பென் ஷெல்டன் 2022-இல் கல்லூரிப் பட்டம் வென்றவர், மறுவருடமே அமெரிக்க ஓபன் அரையிறுதியில் இருந்தார். நான்கு வருடம் பயிற்சியாளர், பிசியோ, ஜிம், ஆட்டம் எல்லாம் கிடைக்கும், கையில் ஒரு பட்டமும் இருக்கும். பரிசுப்பணம் வாங்குவதில் கல்லூரி விளையாட்டுக்கென்று வரம்புகள் உண்டு, அந்த விதிகள் அடிக்கடி மாறுகின்றன, அதனால் பதினாறு வயதிலேயே பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். பதினெட்டு வயதிலேயே நூறுக்குள் இருக்கும் பையனுக்கு இந்த அறிவுரை தேவையில்லை, அவன் என்னிடம் வரவும் மாட்டான்.

நிறுத்துவது பற்றி. முதுகு தேறித் திரும்பி வந்தபோதே ஒரு தாளில் எழுதிவைத்தேன்: இந்தத் தேதிக்குள் இந்த இடத்துக்குள் வரவில்லை என்றால் நிறுத்துகிறேன். அண்ணனிடம் கொடுத்துவைத்தேன். தோற்ற ராத்திரியில் எடுக்கும் முடிவும் ஜெயித்த ராத்திரியில் எடுக்கும் முடிவும் இரண்டுமே உதவாது, அதனால்தான் முன்கூட்டியே எழுதியது. தேதி வந்தது, இடம் வரவில்லை. அந்த வாரம் அரையிறுதி வரை போயிருந்தேன் என்பது கொஞ்சம் எரிச்சல்தான். அண்ணன் தாளை நீட்டவில்லை, "என்னடா?" என்று மட்டும் கேட்டான்.

நிறுத்திய பிறகு உடம்பைச் சட்டென்று விட்டுவிடாதீர்கள், மூட்டுகள் எல்லாம் ஒன்றாகப் பேச ஆரம்பிக்கும், வாரத்துக்கு மூன்று நாளாவது எடை தூக்குங்கள். பயிற்சியாளர் வேலை உடனே வந்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். எனக்கு ஒரு ஷாட்டை அடிக்கத் தெரியும், ஒன்பது வயதுக் குழந்தைக்குச் சொல்லத் தெரியாது. கூடையிலிருந்து பந்தை ஒரே உயரத்தில், ஒரே வேகத்தில் தொடர்ந்து போடுவதற்கே ஒரு பயிற்சி வேண்டியிருந்தது. முறையான படிப்பு முடித்தேன், பெரிய ஆட்டக்காரர்களுக்கு ஹிட்டிங் பார்ட்னராகவும் கொஞ்ச காலம் போனேன், அவர்களுக்கு வேண்டிய பந்தைத் தருவதுதான் அங்கே வேலை, நம் ஆட்டத்தைக் காட்டுவது இல்லை. இங்கிலாந்தில் மார்கஸ் வில்லிஸ் கிளப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோதுதான் 2016-இல் 772-ஆவது இடத்திலிருந்து விம்பிள்டனுக்குள் புகுந்து, இரண்டாம் சுற்றில் ஃபெடரருடன் சென்டர் கோர்ட்டில் ஆடினார். இந்தக் கதையைச் சொன்னால் மாணவர்கள் கண் விரியும், நான் அவர்களுக்கு அதை அடிக்கடி சொல்வதில்லை.

போன மாதம் ஒரு பையன், பத்தொன்பது வயது, அடுத்த பன்னிரண்டு வாரத்துக்குப் போட்டிப் பட்டியல் எழுதிக்கொண்டு வந்தான். பன்னிரண்டு வாரமும் ஆட்டம், நான்கு நாடு, மூன்று வகைத் தரை. உட்கார்ந்து நான்கு வாரத்தை அடித்தோம், இரண்டு நாட்டை எடுத்தோம், களிமண்ணை ஒரே தொகுப்பாகச் சேர்த்தோம். அவன் அப்பாவுக்குச் செலவு பாதியானதில் சந்தோஷம். பையனுக்குக் கோபம், நான் அவனை நம்பவில்லையாம். இரண்டாவது வாரம் காலிறுதி ஆடினான். மூன்றாவது வாரத்துக்கான பட்டியல் வந்ததும் முதல் தடவையாக அவனே போன் செய்து, "சார், எனக்கு மேலே இருக்கறவங்கள்ல மூணு பேர் சேலஞ்சருக்குப் போயிடுவாங்கன்னு நினைக்கிறேன், நான் உள்ளே வந்துடுவேன்" என்றான். இரண்டு பேர் போனார்கள், அதுவே போதுமானதாக இருந்தது.